ஊர் மாறினால் உழைப்பு மாறுமா?

சென்ற வருடம் ஒரே மாதத்தில் எங்கள் வளவில் இரண்டு பயணப் பேச்சுகள் நடந்தன. பெரியவாப்பாவின் மகன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், கொழும்பில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் புறப்பட்டார். கல்வியியற் கல்லூரியில் பயிற்சியை முடித்திருந்த என் ராத்தாவுக்கு மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் நியமனம் வந்தது. காக்காவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலிற் கேட்டது, "சம்பளம் எவ்வளவு மகன்?" என்பதுதான். ராத்தாவைப் பார்க்க வந்தவர்கள் முதலிற் கேட்டது, "புள்ள ஆரோட தங்கப் போறா?" என்பது. ராத்தாவின் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு கேள்விகளுமே அக்கறையால் வந்தவைதாம். ஆனாலும் அந்த வேறுபாடு என் மனதில் நின்றுவிட்டது. உயர்தரத்தில் பொருளியல் படிக்கின்றவள் என்பதால், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய வருமானத்துக்கு என்ன நடக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அறிந்துகொண்டவற்றைச் சக மாணவியருடனும், இவ்விதழை வீட்டில் வாசிக்கும் பெற்றார்களுடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

இலங்கையில் நாம் 'இடப்பெயர்வு' என்று சொன்னால் உடனே யுத்தம்தான் நினைவுக்கு வரும். அகதி முகாம், கூப்பன் அட்டை, விட்டுவந்த வீடு என்று அச்சொல்லுக்குள் எங்கள் பெரியவர்களின் துயரம் நிறைந்திருக்கிறது. பொருளியலில் இச்சொல்லின் பொருள் இன்னும் விரிவானது. வேலை தேடிப் போவது, மாற்றலாகிப் போவது, படிக்கப் போவது, கலியாணம் முடித்துப் போவது, கணவனோடு அல்லது மனைவியோடு சேர்ந்து போவது, விரட்டப்பட்டுப் போவது எல்லாமே அதற்குள் அடங்கும். நாட்டின் எல்லையைத் தாண்டாதவரை அது உள்நாட்டு இடப்பெயர்வு.

பெண்கள் வீட்டோடு இருப்பவர்கள், ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் ஆண்களே என்று பொதுவாக நினைக்கிறோம். இந்தத் துறையின் முன்னோடியான ரேவன்ஸ்ரைன் என்பவர் 1885இலேயே பிரித்தானியக் குடிசன மதிப்பீட்டை ஆராய்ந்து, ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம் மாறுகின்றனர் என்று எழுதினார். தூரம் குறைவு, எண்ணிக்கை அதிகம். எங்கள் அயல்நாடான இந்தியாவில் 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை நடந்த தொழிற்படை அளவீடும் அதையே காட்டுகிறது. அங்கே பெண்களில் 47.9 சதவீதத்தினர் இடம் மாறியவர்கள். ஆண்களில் அது 10.7 சதவீதம் மட்டுமே. ஆனால் இடம் மாறிய பெண்களில் 86.8 சதவீதத்தினர் அதற்குச் சொன்ன காரணம் கலியாணம்.

எனவே, யார் அதிகம் இடம் மாறுகிறார்கள் என்று மட்டும் கேட்டாற் போதாது. யாருடைய தேவைக்காக இடம் மாறினார்கள் என்றும் கேட்க வேண்டும். வருமானத்தில் ஏற்படும் வேறுபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இடம் மாறினால் ஏன் வருமானம் கூடுகிறது?

ஒரே மனிதன், ஒரே திறமை, ஒரே எட்டு மணித்தியாலம். ஆனால் இடத்துக்கு இடம் கூலி வேறு. இலங்கையின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்திலிருந்தே வருகிறது. துறைமுகம், வங்கித் தலைமையகங்கள், பெரிய கடைகள், தொழிற்சாலைகள் எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. வேலை கொடுப்பவர்கள் பலர் இருக்கும் இடத்தில் தொழிலாளிக்குத் தெரிவு அதிகம். ஒரு கடை சரிவராவிட்டால் அடுத்த கடை இருக்கிறது. தன் திறமைக்குப் பொருத்தமான வேலையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆனால் இதைக் கணக்கிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. போனவர்கள் கூடுதலாக உழைக்கிறார்கள் என்பதற்காக, போனதால்தான் கூடுதலாக உழைக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. துணிச்சலும் திறமையும் உள்ளவர்கள்தாம் முதலில் போகிறார்கள். அவர்கள் ஊரில் இருந்திருந்தாலும் நன்றாக உழைத்திருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 2008இல் பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. அறுவடைக்கு முன்னரான மாதங்களில் அங்கே வேலையும் இல்லை, சாப்பாடும் குறைவு. 'மொங்கா' என்று அவர்கள் அழைக்கும் பஞ்சக்காலம் அது. ஆய்வாளர்கள் கிராமங்களைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, சில கிராமங்களின் ஏழைக் குடும்பங்களுக்கு 600 டாக்கா கொடுத்தார்கள். பட்டணத்துக்கு பஸ் கட்டணமும் சில நாட் சாப்பாட்டுச் செலவும் அதற்குள் அடங்கும். ஒரே நிபந்தனை, வீட்டில் ஒருவர் வேலை தேடி வெளியூர் போக வேண்டும். அந்தச் சிறு தொகையால் நூற்றுக்கு 22 குடும்பங்கள் புதிதாக ஒருவரை அனுப்பின. அப்படி அனுப்பிய குடும்பங்களின் நுகர்வு 30 சதவீதம் அல்லது அதற்கும் மேலாக உயர்ந்தது. அடுத்த வருடம் பணம் கொடுக்காமலே பலர் மீண்டும் போனார்கள்.

அவர்களை அதுவரை வீட்டில் நிறுத்தி வைத்தது சோம்பல் அல்ல. போய் வேலை கிடைக்காவிட்டால் பஸ் காசும் வீணாகி, பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே என்ற பயம்தான். கையிருப்பு இல்லாதவனுக்குச் சிறு நட்டமும் பெரும் ஆபத்து. (இதே திட்டத்தைப் பின்னர் பெரிய அளவில் செய்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் 2019இல் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓரிடத்தில் பலித்தது எங்கும் பலிக்கும் என்றில்லை.)

ரங்பூரிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். 600 டாக்கா ஆண்களின் தடையை நீக்கப் போதுமாக இருந்தது. பெண்களின் தடை பஸ் காசு மட்டும் அல்ல. எங்கே தங்குவது, யார் துணை, பிள்ளையை யார் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகளுக்கு விடை 600 டாக்காவில் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இப்போது கணவனும் மனைவியும் உழைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது நானே அமைத்த கற்பனைக் கணக்கு. ஊரில் கணவனுக்கு மாதம் 80,000 ரூபா, மனைவிக்கு 50,000 ரூபா. மொத்தம் 130,000. இருப்பது சொந்த வீடு.

கணவனுக்குக் கொழும்பில் 125,000 ரூபா சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. மனைவியும் கூடப் போகிறாள். அங்கே அவளைத் தெரிந்தவர்கள் இல்லை. பல மாதம் தேடி 30,000 ரூபாவுக்கு ஒரு வேலை எடுக்கிறாள். இப்போது மொத்தம் 155,000. வாடகை 20,000 போனால் கையில் மிஞ்சுவது 135,000. குடும்பத்துக்கு 5,000 ரூபா இலாபம். கணவனுக்கு 45,000 ரூபா ஏற்றம். மனைவிக்கு 20,000 ரூபா இறக்கம்.

இனி மறுபக்கம் பார்ப்போம். மனைவிக்குத்தான் வேறு மாவட்டத்தில் பதவி உயர்வு வருகிறது, 80,000 ரூபா சம்பளம். ஊரில் கடை வைத்திருக்கும் கணவன் கடையை மூடிவிட்டுப் போனால் அங்கே 40,000 ரூபாதான் உழைக்க முடியும். மொத்தம் 120,000. இருந்ததைவிட 10,000 குறைவு. ஆகவே குடும்பம் போகாது. அவளுடைய 30,000 ரூபா ஏற்றம் ஒருவருக்கும் தெரியாமல் மறைந்துவிடும்.

இதைத்தான் ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1978இல் விளக்கினார். குடும்பம் ஒன்றாக முடிவெடுக்கும்போது ஒருவருடைய இலாபம் மற்றவருடைய நட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் குடும்பம் போகும். நட்டப்பட்டும் கூடப் போகிறவரைக் 'கட்டுண்டு பெயர்பவர்' என்று சொல்லலாம். தனக்கு இலாபம் இருந்தும் குடும்பத்துக்காக நின்றுவிடுகிறவர் 'கட்டுண்டு தங்குபவர்'.

இந்தக் கணக்கில் எங்கும் 'பெண்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சம்பளம் குறைந்தவர் யாரோ, அவரே விட்டுக்கொடுக்கிறார். ஆனால் பெரும்பாலான வீடுகளில் சம்பளம் குறைந்தவர் மனைவி. அவள் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் சம்பளம் இன்னும் குறைகிறது. அடுத்த முடிவு வரும்போது, "உனக்குத்தான் சின்னச் சம்பளம்" என்று கணக்கே அவளுக்கு எதிராகப் பேசுகிறது. நியாயமாகத் தோன்றும் ஒவ்வொரு முடிவும் அடுத்த முடிவின் தராசைச் சரித்து வைக்கிறது.

உண்மையில் இப்படி நடக்கிறதா? அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்த பல ஆய்வுகள், குடும்பமாக இடம் மாறியபின் கணவனின் நிலை உயர்வதையும் மனைவியின் வேலையும் வருமானமும் பின்தங்குவதையும் கண்டன. இதிலும் முன்னர் சொன்ன சிக்கல் வரலாம். வேலையில் அக்கறையில்லாத மனைவியர்தாம் இலேசாகக் கூடப் போகிறார்களோ என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை தருவது அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வு. இராணுவத்தில் மாற்றல் கட்டளைப்படி வருகிறது. குடும்பம் அதைத் தெரிவு செய்வதில்லை. அத்தகைய மாற்றல் வந்த வருடத்தில் வாழ்க்கைத் துணையின் உழைப்பு சராசரியாக 14 சதவீதம் குறைந்தது.

எங்கள் கரையின் வழக்கம்

கிழக்குக் கரையில் வாழும் நாங்கள் இங்கே ஒரு விடயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கலியாணம் பெண்ணை இடம் மாற்றுகிறது. எங்கள் ஊர்களில் கலியாணம் ஆணை இடம் மாற்றுகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். காத்தான்குடி தொடக்கம் பொத்துவில் வரை முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் காணப்படும் இவ்வழக்கத்தை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார்.

வருமானக் கண்ணோடு பார்த்தால் இந்த வழக்கத்தில் பெண்ணுக்குப் பெரிய பலம் உண்டு. கலியாணத்துக்குப் பிறகும் அவள் பிறந்த தெருவிலேயே இருக்கிறாள். உம்மா பக்கத்தில் இருக்கிறார், பிள்ளையை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகலாம். தைத்துக் கொடுத்தால் வாங்குவதற்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வீடும் அவள் பேரில் இருக்கிறது.

அதே வீடு அவளைக் கட்டியும் வைக்கிறது. வீடு இங்கே இருப்பதால், நல்ல வேலை வேறெங்கே வந்தாலும் போக முடியாது என்றாகிறது. மின்சர் சொன்ன 'கட்டுண்டு தங்குபவர்' எங்கள் ஊர்களில் நிறையப் பேர். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்காக வாப்பாமாரும் காக்காமாரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய் வருடக்கணக்காக உழைக்கிறார்கள். கொழும்புக்குப் போன எங்கள் காக்காவும் தன் இரண்டு தங்கைமாருக்காகவே போனார். பெண் ஊரில் தங்குவதற்கான விலையை ஆண் ஊர்விட்டுப் போய்க் கொடுக்கிறான். அந்த விலையையும் கணக்கில் எழுதாவிட்டால் அது ஆண்களுக்கு அநியாயம்.

தனியாகப் போன பெண்கள்

கலியாணத்துக்காகவோ கணவனுக்காகவோ இல்லாமல், தன் உழைப்புக்காகவே பெண் இடம் மாறினால் என்ன நடக்கிறது? இலங்கையில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம். 1978இல் அது தொடங்கியபின் நாட்டின் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பின்னர் பியகம, கொக்கல ஆகிய இடங்களிலும் வலயங்கள் உருவாயின.

கிராமத்தில் கூலி இல்லாமல் வீட்டு வேலையும் வயல் வேலையும் செய்த பெண்ணின் கையில் முதன்முறையாக மாதச் சம்பளம் வந்தது. அது உண்மையான முன்னேற்றம். தம்பி தங்கையர் படித்தார்கள், வீட்டுக்குக் கூரை வந்தது. ஆனால் அந்தச் சம்பளத்திலிருந்து போர்டிங் வாடகையும் சாப்பாடும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவது சொற்பம். மிகைநேர வேலை இல்லாமல் சமாளிப்பது கடினம். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுப்பதும், இரவு வேலை முடிந்து நடந்து வருவதும், ஊரில் எழும் கதைகளும் அவர்கள் கொடுத்த வேறு விலைகள். பலர் சில வருடங்களில் கலியாணத்தோடு நின்றுவிட்டார்கள்.

இந்த 'நின்றுவிடுதல்' சட்டத்திலும் இடம்பிடித்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநர் பங்காக 12 சதவீதமும் நிதியில் சேர்கின்றன. அந்தப் பணத்தை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். கலியாணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்கலாம் என்று அச்சட்டம் இடமளித்தது. அது அவளுக்கு ஒரு வசதி என்பது சரிதான். ஆனால் பெண்ணின் உழைப்பு கலியாணத்தோடு முடியும் என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் இருக்கிறது.

பெற்றார்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் 5 வருடம் பூர்த்தி செய்தால், மாதச் சம்பளம் பெறுபவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். நாலரை வருடத்தில் வேலையை விட்டால் அது கிடையாது. கலியாணத் திகதியையோ குடும்பம் இடம் மாறும் திகதியையோ சில மாதம் தள்ளிப்போட முடியுமானால் அந்தப் பெண்ணின் உரிமை காக்கப்படும். இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால் எத்தனையோ பேர் வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள்.

விரட்டப்பட்டால்

தெரிந்தெடுத்துப் போவதும் துரத்தப்பட்டுப் போவதும் ஒன்றல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர்களும் தையற்காரர்களும் இருந்தார்கள், மன்னாரிலிருந்து வந்தவர்களில் வயலும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

அவர்களின் தொழில் கையில் மட்டும் இருக்கவில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர், கடன் கொடுக்கும் மொத்த வியாபாரி, காணி, கடற்கரை எல்லாம் சேர்ந்ததே தொழில். அவற்றை மூட்டையிற் கட்டிக்கொண்டு வர முடியவில்லை. முதலாளியாக இருந்தவர் கூலியாளானார். வீட்டுக்கு வெளியே கூலி வேலை செய்திராத பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போனார்கள்.

புள்ளிவிபரமாக எழுதினால், அந்தப் பெண்களின் வருமானம் பூச்சியத்திலிருந்து உயர்ந்தது என்றுதான் வரும். ஆனால் குடும்பம் ஏழையானது. ஆகவே ஒரு பெண்ணின் உழைப்புக் கூடிவிட்டது என்று கேள்விப்பட்டால், அவள் விரும்பிப் போனாளா, வேறு வழியின்றிப் போனாளா என்று கேட்டபின்தான் அதை முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவையும் வாசித்தபின், ஊர் மாறுவது பற்றி ஒரு வீடு முடிவெடுக்கும்போது கேட்க வேண்டியவை எனக்குத் தோன்றியவாறு:

1. கணவனின் கணக்கையும் மனைவியின் கணக்கையும், அல்லது மகனின் கணக்கையும் மகளின் கணக்கையும் தனித்தனியாக எழுதினோமா? மொத்தத்தை மட்டும் பார்த்தால் யாருடைய நட்டம் அதற்குள் மறைந்திருக்கிறது என்று தெரியாது.

2. சம்பளத்தைப் பார்த்தோம், வாடகை, பிரயாணம், சாப்பாடு, பிள்ளையைப் பார்க்கும் செலவு ஆகியவற்றைக் கழித்தோமா? ஊரில் உம்மம்மா இலவசமாகச் செய்யும் வேலைக்கு வெளியூரில் காசு கொடுக்க வேண்டும்.

3. இந்த வருடத்தை மட்டும் பார்க்கிறோமா, பத்து வருடத்தைப் பார்க்கிறோமா? சேவைக் காலம், பதவி உயர்வு, சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் தொடர்ச்சியாக வேலை செய்பவருக்கே நிறைகின்றன.

4. சென்ற முறை விட்டுக்கொடுத்தவர் யார்? இந்த முறையும் அவரேதானா?

5. கூடப் போகிறவர் புதிய ஊரில் வேலையைத் தொடர வழி பார்த்தோமா? அரச ஊழியராயின் மாற்றலுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தோமா?

எங்கள் மார்க்கத்தில் மனைவியின் உழைப்பு மனைவிக்கே உரியது, குடும்பச் செலவின் பொறுப்பு கணவனுடையது. அவள் வீட்டுக்குக் கொடுப்பது அவள் விருப்பத்தால் செய்யும் நன்மை. அப்படியானால் அவளுடைய வருமானத்துக்கு வரும் நட்டமும் அவளுடைய நட்டம்தான். அவளைக் கேட்காமல் அதைக் குடும்ப இலாபத்தில் கழித்துவிட முடியாது.

ராத்தாவின் கணக்கு

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. ஆசிரியர் சேவையில் சம்பள அளவுத்திட்டம் நாடு முழுவதும் ஒன்று. மலைநாட்டுக்குப் போவதால் ராத்தாவுக்கு அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபாவும் கூடாது. போர்டிங் காசும் பஸ் காசும் நட்டம். அதனால் முதலில் வாப்பா, "இங்க ரியூசன் குடுத்தாலும் அந்தக் காசு வருமே மகள்" என்றார். அன்றைய கணக்குக்கு அவர் சொன்னது பிழையில்லை.

ஓர் இரவு சாப்பிட்டு முடிந்ததும் நான் என் பொருளியல் கொப்பியில் கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினேன். ஒரு பக்கம், போனால் வரும் செலவு. மறுபக்கம், போகாவிட்டால் இழப்பது. நிரந்தர நியமனம், சேவைக் காலம், வருடாந்தச் சம்பள ஏற்றம், சில வருடத்தில் ஊருக்கு மாற்றல் கேட்கும் உரிமை. ரியூசன் பக்கத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. வாப்பா கொப்பியை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு, "இதில தங்குற இடம் எழுதல்லியே" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் விடவில்லை, விடவும் கூடாது. அடுத்த வாரம் அவரே பஸ் ஏறிப் போய்ப் பாடசாலையைப் பார்த்தார். அதிபருடன் பேசினார். எங்கள் மாவட்டத்திலிருந்தே போன இரண்டு ஆசிரியைகள் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருப்பதைக் கண்டு, மூன்றாவது ஆளாக ராத்தாவைச் சேர்த்துவிட்டு வந்தார். மூவரும் பங்கிட்டதால் வாடகையும் குறைந்தது. ஊர் கேட்ட கேள்விக்கும் கணக்குக் கேட்ட கேள்விக்கும் ஒரே பயணத்தில் விடை கிடைத்தது.

ராத்தா போய் ஒரு வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை வருகிறா, களைத்துப்போய்த்தான் வருகிறா. பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார், "மலைநாட்டில வேலையெண்டா சரிவராது" என்று திரும்பிப் போனதும் நடந்தது. அதுவும் அவ கொடுத்த விலைதான். அண்மையில் வந்த இன்னொரு வீட்டாரிடம் வாப்பா, "மகள் வேலைய விடமாட்டா. மாற்றல் வாற வரைக்கும் பொறுத்துக்கொள்ள ஏலுமா?" என்று முதலிலேயே கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அடுத்த வளவு மாமி வந்து உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "ராத்தாக்கு இப்ப எவ்வளவு சம்பளம் மகள்?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகாவது அந்தக் கேள்வி எங்கள் வாசலுக்கு வந்தது.